அறுவைக்குப் பின்னும் மாத்திரையா?

தீராத நெஞ்செரிச்சலுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று சொன்னவுடன் நோயாளியின் குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி செலவைப் பற்றியது. இரண்டாவது கேள்வி, "அதற்குப் பிறகு மாத்திரை வேண்டாமல்லவா?" என்பது. முதற்கேள்விக்கு ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் விடையளிக்கும் மருத்துவர், பின்னாளில் எழும் மனக்கசப்புக்கு அன்றே வித்திடுகிறார். உணவுக்குழாயின் தசைகள் வலுவிழந்த நோயாளியிடம் அந்த உறுதியை யாரும் கொடுக்க இயலாது.

விஸ்வநத்தத்திலும் சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம் ஆகியவற்றில் அன்றாடக் கூலிக்கு உழைக்கும் குடும்பங்கள் மிகுதி. அத்தகைய வீட்டில் ஓர் அறுவை என்றால் அடகுக்குப் போகும் நகையும் பல வாரக் கூலியும் அதில் அடங்கும். அவ்வளவையும் கொடுத்தபின், ஆறாம் மாதத்தில் மருத்துவர் மறுபடியும் மாத்திரை எழுதினால், 'ஆபரேஷன் வீணாகிவிட்டது' என்ற பேச்சு வீட்டுக்குள் எழுகிறது. சிலர் சினத்தில் மறுபரிசோதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். சிலர் வீட்டாருக்குத் தெரியாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். இரண்டுமே நோயாளிக்குத் தீங்கு.

என் கருத்து இதுதான். வலுவிழந்த உணவுக்குழாயும் அமில எதுக்களிப்பும் சேர்ந்திருக்கும் நோயாளிக்கு, அறுவையும் மருந்தும் ஒரே சிகிச்சையின் இரு பகுதிகள். ஒன்று தோற்ற இடத்தில் மற்றொன்று வருவதாக எண்ணாமல், தொடக்கத்திலேயே இரண்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். அத்திட்டத்தை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அறுவைக்கு முன்பே விளங்கச் சொல்ல வேண்டும்.

கதவும் குழாயும்

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். நாம் விழுங்கும் கவளம் தன் எடையால் மட்டும் கீழே இறங்குவதில்லை. குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக அலைபோலச் சுருங்கி அதை இரைப்பைக்குள் தள்ளுகின்றன. படுத்த நிலையிலும் நம்மால் விழுங்க முடிவது இந்த அலையால்தான். குழாயின் அடியில், இரைப்பையின் வாயிலில், மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. கவளம் வரும்போது திறந்து, போனபின் மூடிக்கொள்வது அதன் வேலை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் அந்த இடத்தை வெளியிலிருந்து பற்றிக்கொண்டு துணைநிற்கிறது.

அந்தக் கதவு தளர்ந்தாலோ, இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளையின் வழியே மார்புக்குள் ஏறிவிட்டாலோ, இரைப்பையிலுள்ள அமிலம் மேலே வருகிறது. இதையே நம் மக்கள் நெஞ்சுக்கரிப்பு, புளித்த ஏப்பம், எதுக்களிப்பு என்று பல பெயர்களில் சொல்கின்றனர். இந்திய இரைப்பை குடலியல் சங்கத்தின் பணிக்குழு 3,224 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட அறிக்கையில், அவர்களுள் 7.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. பதின்மூவரில் ஒருவர் என்று கொள்ளலாம்.

கதவு தளர்வது நோயின் ஒரு பாதி. மேலேறிய அமிலத்தைத் திருப்பி அனுப்ப முடியாமற்போவது மறுபாதி. அமிலம் ஏறியவுடன் நலமான உணவுக்குழாய் ஓர் அலையை எழுப்பி அதைக் கீழே தள்ளுகிறது. தொடர்ந்து விழுங்கும் உமிழ்நீர் எஞ்சியதைக் கழுவுகிறது. தசை வலுவிழந்தவருக்கு இந்தக் கழுவும் வேலை சரிவர நடப்பதில்லை; விரைவில் இறங்க வேண்டிய அமிலம் அங்கேயே தேங்குகிறது. இரவில், உமிழ்நீரும் விழுங்குதலும் குறைந்த வேளையில், இன்னும் நெடுநேரம் தேங்குகிறது.

நெடுங்கால நீரிழிவு, தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா நோய், ஆண்டுக்கணக்கில் ஆறாத அமிலப் புண் ஆகியவை இத்தசைகளின் வலுவைக் குறைக்கக்கூடியவை. பலரிடம் காரணம் எதுவும் தென்படுவதில்லை. காரணம் எதுவாயினும், கதவை மட்டும் பார்க்கும் சிகிச்சை இவர்களுக்குப் போதாது. குழாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது

இப்பகுதியில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பட்டாசுக் குழாயில் செலுத்துவதும் மருந்து, நோய்க்கு உண்பதும் மருந்து. ஆலையில் அளவு தவறினால் என்ன நேரும் என்பதை இவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே கவனம் மாத்திரையிலும் இருந்தால் பாதி நோய் அடங்கிவிடும்.

1988இல் ஒமிப்ரசோல் விற்பனைக்கு வந்தது. பான்டோபிரசோல், ராபிபிரசோல், எசோமிப்ரசோல் ஆகியவை அதன் வழிவந்தவை. இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்பம்புகளை இவை நிறுத்துகின்றன. அப்பம்புகள் உணவு வரும்போதுதான் முழுமூச்சாக இயங்கத் தொடங்குகின்றன. ஆகவே மாத்திரையை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்கினால்தான் அது குருதியில் கலந்து ஆயத்தமாக நிற்கும். ஆலை வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் இட்லியையும் மாத்திரையையும் ஒன்றாக விழுங்குகிறவர், மருந்தின் பயனில் ஒரு பங்கை நாள்தோறும் இழக்கிறார். விடியலில் எழுந்தவுடன் விழுங்கிவிட்டுப் பிறகு மற்ற வேலைகளைப் பார்ப்பதே எளிய வழி.

எனினும் இம்மாத்திரைகள் கதவைச் சீராக்குவதில்லை. மேலேறும் நீரின் புளிப்பைக் குறைக்கின்றன. அது ஏறுவதைத் தடுப்பதில்லை. குனிந்தால் வாய்வரை வரும் உணவும், இரவில் தொண்டைக்கு ஏறி இருமவைக்கும் நீரும் சிலருக்கு மாத்திரையால் அடங்காமல் நீடிப்பதற்கு இதுவே காரணம்.

'அமிலத்தை அடக்குவதுபோல் தசைக்கு வலுவூட்டவும் மாத்திரை இருக்குமே' என்று கேட்கலாம். அந்த நம்பிக்கை இன்னும் நிறைவேறவில்லை. ஒருகாலத்தில் பெரிதும் பேசப்பட்ட சிசாபிரைடு, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுத்ததால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது; 2011இல் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டது. டோம்பெரிடோன் மருந்தையும் இதயத்தின் பொருட்டே குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும் பயன்படுத்துமாறு ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் வரையறுத்தது. லெவோசல்பிரைடு சிலருக்குக் கைந்நடுக்கத்தையும் தசை விறைப்பையும் உண்டாக்கும். இவை இரைப்பை விரைந்து காலியாவதற்கு உதவலாம். வலுவிழந்த உணவுக்குழாயில் அலையை மீட்டுத் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இவை கலந்த மாத்திரைகளைக் கடையில் பெயர் சொல்லி வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வழக்கம் நம்மிடையே பெருகியிருப்பது கவலைக்குரியது.

அறுவை எதைச் செய்யும்

நாஜி ஆட்சியால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ருடால்ஃப் நிசென் என்ற அறுவை மருத்துவர், 1936இல் இஸ்தான்புல் நகரில் ஒரு நோயாளியின் உணவுக்குழாயின் அடிப்பகுதியை அகற்றி, இணைப்பைப் பாதுகாப்பதற்காக இரைப்பையின் ஒரு பகுதியை அதைச் சுற்றி மடித்துத் தைத்தார். அந்நோயாளிக்குப் பல ஆண்டுகள் கழித்தும் எதுக்களிப்பு வரவில்லை என்பதை அவர் கண்டார். அந்தத் தற்செயலான அறிவைக் கொண்டு 1955இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், எதுக்களிப்புக்காகவே அந்த மடிப்பைச் செய்தார். இன்றும் உலகெங்கும் அது நிசென் அறுவை என்றே வழங்குகிறது. 1991 முதல் வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகளின் வழியே லேப்பராஸ்கோப்பி முறையில் செய்யப்படுகிறது.

நிசென் முறையில் இரைப்பையின் மேற்பகுதி உணவுக்குழாயின் அடியை முழுவதுமாக, 360 பாகை சுற்றிவருகிறது. கதவு இறுகுகிறது. தசை வலுவுள்ளவருக்கு இதனால் இடர் குறைவு. இறுகிய கதவைத் தள்ளித் திறக்கக் கையில் வலு வேண்டும் அல்லவா? அவ்வலு இல்லாத உணவுக்குழாயின் அடியில் கதவை முழுவதுமாக இறுக்கினால், எரிச்சல் போய், விழுங்கிய சோறு நெஞ்சில் நிற்கும் தொல்லை வந்து சேரலாம். ஏப்பம் விட இயலாமல் வயிறு உப்புவதும் உண்டு.

இதற்கு விடையாக அமைவது பகுதிச் சுற்று. பிரான்சின் ஆந்திரே தூப்பே 1963இல் வகுத்த முறையில், இரைப்பை உணவுக்குழாயின் பின்புறமாக 270 பாகை அளவுக்கே சுற்றப்படுகிறது. முன்புறம் சற்று இடம் விடப்படுகிறது. முழுச் சுற்றைவிடப் பகுதிச் சுற்றில் விழுங்கும் சிரமம் குறைவு என்பதைப் பல ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே வலுவிழந்த உணவுக்குழாய்க்கு அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் இதையே தேர்கின்றனர்.

தசை ஓரளவு வலுவிழந்திருப்பது மட்டுமே அறுவையை மறுக்கப் போதிய காரணம் ஆகாது. ஆனால் அலையே எழாத உணவுக்குழாய் வேறு வகை. ஸ்கிளீரோடெர்மா முற்றியவர்களில் இதைக் காண்கிறோம். அவர்களுக்கு முழுச் சுற்று தகாது. மருந்தும் வாழ்க்கைமுறையுமே அவர்களுக்கு முதன்மையான காப்பு.

இரண்டும் சேரும் இடம்

பகுதிச் சுற்றில் மருத்துவர் கதவை வேண்டுமென்றே சற்றுத் தளர்வாக விடுகிறார். நோயாளி தடையின்றி விழுங்குவதற்காகச் செய்துகொள்ளும் உடன்பாடு அது. அந்த உடன்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. சிறிதளவு அமிலம் எப்போதாவது மேலேறக்கூடும். ஏறியதைக் கழுவும் வலு அக்குழாய்க்குக் குறைவு. அந்த எஞ்சிய சிறு பங்கை ஏற்றுக்கொள்வதற்கே மாத்திரை. அறுவை எதுக்களிப்பின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. மருந்து மீந்ததன் புளிப்பை நீக்குகிறது. இப்படிப் பார்த்தால், அறுவைக்குப் பின் எழுதப்படும் மாத்திரை தோல்விச் சீட்டாகத் தோன்றாது.

வலுவுள்ள தசையினரையும் சேர்த்துப் பார்த்தாலும் நிலைமை இதுவே. 2005க்கும் 2014க்கும் இடையில் சுவீடனில் லேப்பராஸ்கோப்பி முறையில் எதுக்களிப்பு அறுவை செய்துகொண்ட 2,655 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. சராசரியாக ஐந்து ஆண்டுக் காலத்தில் 17.7 விழுக்காட்டினருக்கு எதுக்களிப்பு திரும்பியது. நூறு பேராகக் கொண்டால், ஏறத்தாழ 82 பேருக்கு நோய் திரும்பவில்லை. 15 பேர் நீண்டகால மருந்துக்குத் திரும்பினர். 3 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. அறுவை பெரும்பாலோருக்கு நன்மை தந்தது. சிலருக்கு மருந்தையும் துணைக்கு அழைத்தது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே சொல்வதுதான் நேர்மை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அறுவைக்குப் பின் வரும் எரிச்சல் எல்லாம் அமிலத்தால் வருவதன்று. உணவுக்குழாயின் நரம்புகள் கூருணர்வு கொண்டிருந்தால், அமிலம் இல்லாமலேயே எரியலாம். பல ஆண்டு உண்ட மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த அமிலம் சில வாரங்களுக்கு மிகுதியாகச் சுரப்பதும் உண்டு. ஆகையால் அறுவைக்குப் பின் மாத்திரையைத் தொடர்வதோ, குறைப்பதோ, நிறுத்துவதோ பரிசோதனையின் அடிப்படையில் நிகழ வேண்டும். பழக்கத்தால் விழுங்குவதும் தவறு, ரோஷத்தால் நிறுத்துவதும் தவறு.

அளந்த பிறகே அறுவை

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இக்கட்டுரையின் வாசகர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேர் அதில் சேர்ந்தனர். முதலில் அவர்களுக்கு ஒமிப்ரசோல் மாத்திரையை உணவுக்கு முன் முறையாக விழுங்கக் கற்பித்தனர். இரண்டு வாரத்தில் 42 பேருக்கு அதுவே போதுமானதாயிற்று. எஞ்சியோரை முழுமையாகப் பரிசோதித்தபோது, 99 பேருக்கு எரிச்சல் இருந்தும் அமில எதுக்களிப்புக்குச் சான்று இல்லை. 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோய் இருந்தது. பரிசோதனைகளை முடிக்காதவர்களும் பிற காரணங்களால் விலக்கப்பட்டவர்களும் போக, இறுதியில் தேர்வானவர்கள் 78 பேர் மட்டுமே.

அந்த 78 பேரில் அறுவை பெற்றவர்களுள் 67 விழுக்காட்டினர் ஓராண்டில் நல்ல பயன் கண்டனர். கூடுதல் மருந்துகள் பெற்ற பிரிவில் அது 28 விழுக்காடு. ஒமிப்ரசோல் மட்டும் பெற்ற பிரிவில் 12 விழுக்காடு. சரியான நோயாளிக்கு அறுவை எவ்வளவு வலிய கருவி என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. அந்தச் சரியான நோயாளியைக் கண்டறிய எவ்வளவு சலித்தெடுக்க வேண்டும் என்பதையும் காட்டுகின்றன.

சலித்தெடுக்கும் கருவிகள் மூன்று. எண்டோஸ்கோபி, உணவுக்குழாயின் உட்புறத்தில் புண், சுருக்கம், புற்றுக்கு முந்தைய மாற்றம் ஆகியவை உள்ளனவா என்று காட்டும். 24 மணி நேர அமில அளவீடு, மூக்கின் வழியே செலுத்திய மெல்லிய கம்பியால் அமிலம் எவ்வளவு நேரம் உணவுக்குழாயில் இருந்தது என்று கணக்கிடும். ஒரு நாளின் 6 விழுக்காட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 86 நிமிடத்துக்கு மேல் இருந்தால் நோய் உறுதி. 4 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் அது இயல்பு.

மூன்றாவது, மானோமெட்ரி எனும் அழுத்த அளவீடு. நோயாளி சிறிதளவு தண்ணீரைப் பத்து முறை விழுங்க, ஒவ்வொரு முறையும் அலை எவ்வளவு வலுவாக எழுந்தது என்பதைக் கருவி பதிவுசெய்யும். பத்தில் ஏழுக்கு மேற்பட்ட அலைகள் பயனற்றவையாக இருந்தாலோ, பாதியேனும் முற்றிலும் எழாமற்போனாலோ, 2021இல் வெளியான சிகாகோ வகைப்பாடு அதை 'பயனற்ற அசைவு' என்கிறது. தசையின் வலு தெரியாமல் முழுச் சுற்றா பகுதிச் சுற்றா என்று முடிவெடுக்க இயலாது.

இந்த மூன்றாவது அளவீட்டைச் செலவு கருதியோ, அலைச்சல் கருதியோ தவிர்க்கக் கூடாது என்பதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அகலேசியா என்ற நோயில் கதவு திறக்கவே மறுக்கும். உணவு தேங்கி, புளித்து, வாய்க்கு வரும்; நோயாளி அதை எதுக்களிப்பு என்றே சொல்வார். அவருக்கு மடிப்பு அறுவை செய்தால், பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டதாகும். இப்பரிசோதனைக்காக மதுரை போன்ற நகரிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஒருமுறை சென்றுவர நேரிடலாம். அந்த ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும் தவறான அறுவையின் விலைக்குமுன் ஒன்றுமில்லை.

'மாத்திரை வேண்டுமெனில் அறுவை எதற்கு?'

இது நியாயமான கேள்வி. மாத்திரையிலேயே முழு நலம் காண்பவர் அறுவைக்கு விரைய வேண்டியதில்லை. மருந்துக்கு நன்கு அடங்கிய 554 ஐரோப்பிய நோயாளிகளை இரு பிரிவாக்கி ஐந்து ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மாத்திரைப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் அறுவைப் பிரிவில் 85 விழுக்காட்டினரும் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர். இரண்டு வழிகளும் நல்லவையே. மாத்திரையின் நெடுங்காலப் பயன்பாட்டில் வைட்டமின் பி12, மக்னீசியம் போன்றவற்றை அவ்வப்போது கவனிக்க வேண்டியிருக்கலாம். ஆனால் மாத்திரையின் மீதுள்ள அச்சம் மட்டுமே அறுவைக்குக் காரணமாகக் கூடாது.

அமிலம் அடங்கியும் உணவு மேலேறுவது நிற்காதவருக்கும், இரைப்பை மார்புக்குள் பெரிதாக ஏறிவிட்டவருக்கும், உயர்ந்த அளவு மாத்திரையிலும் புண் ஆறாதவருக்கும் அறுவை உண்மையான பயன் தரும். அவர்களுக்கு அறுவையின் வெற்றியை எப்படி அளப்பது? இரவில் மூச்சுத் திணறி எழாமல் உறங்க முடிகிறதா, குனிந்து வேலைசெய்ய முடிகிறதா, புண் ஆறியதா, விழுங்குவது எளிதாக இருக்கிறதா என்பவையே அளவுகோல்கள். நாளுக்கு இரண்டு மாத்திரையிலும் அடங்காதிருந்தவர், அறுவைக்குப் பின் ஒரு சிறு மாத்திரையுடன் இவை அனைத்தையும் பெற்றால், அது வெற்றிதான். மாத்திரை அட்டை வீட்டில் இருக்கிறதா இல்லையா என்பதை அளவுகோலாகக் கொள்வது அந்த வெற்றியைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

நம் ஊர் வாழ்க்கையில்

அறுவைக்கு நாள் குறிக்கும்போது பருவத்தையும் எண்ண வேண்டும். அறுவைக்குப் பின் ஆறு வாரம் வரை பாரம் தூக்கலாகாது. முக்கி முனைவதும் கூடாது. தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி மாதங்களில் அறுவை செய்துகொண்டு, கூலியை எண்ணி விரைவில் வேலைக்குத் திரும்பினால், தைத்த மடிப்பு நழுவ வாய்ப்புண்டு. அவசரமில்லாத அறுவையை வேலை தணிந்த வாரங்களுக்குத் தள்ளிவைப்பது அறிவுடைமை. ஈ.எஸ்.ஐ. அட்டையோ, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோ உள்ளவர்கள், தங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்பதை முன்கூட்டியே காப்பீட்டு முகப்பில் கேட்டறிய வேண்டும்.

முதல் நாட்களில் கஞ்சி, மோர், வடிகட்டிய பருப்புநீர். பிறகு மூன்று நான்கு வாரம் குழைந்த சோறும் மசித்த இட்லியும். பொரித்த புரோட்டா, காராச்சேவு, இறைச்சித் துண்டு ஆகியவை மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்கட்டும். சோடாவும் குளிர்பானமும் வேண்டாம். வெளியேற வழியில்லாத காற்று வயிற்றை வருத்தும். தசை வலுவிழந்தவர் எப்போதும் சிறு கவளமாக, மென்று, நிமிர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும். எந்த மாத்திரையையும் ஒரு குவளைத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். வலி நிவாரணி, இரும்புச்சத்து, டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகள் வழியில் தங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் கதவைத் தளர்த்தும். எனவே வேறு நோய்க்கான மருந்துச் சீட்டையும் உடன் கொண்டுவாருங்கள். தாமாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தச் சொல்வது வழக்கம். தரையில் பாய் விரித்து உறங்கும் வீட்டில், மடித்த போர்வைகளைப் பாய்க்கு அடியில் தோளிலிருந்து தலைவரை சரிவாக அடுக்கலாம். தலையணையை மட்டும் உயர்த்தினால் வயிறு மடங்கித் தொல்லை கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. இரவு வேலை முடித்து வருபவர் உண்டவுடன் படுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட வேண்டும். உட்கார்ந்து குனிந்து செய்யும் வேலையில், உணவுக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரமாவது நிமிர்ந்து செய்யக்கூடிய பணியைக் கேட்டுப் பெறலாம். வெற்றிலையுடன் புகையிலை மெல்லுவதையும் பீடி, சிகரெட்டையும் விடுவது இவை எல்லாவற்றினும் முக்கியம்.

அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை

நோயாளியும் உடன்வருபவரும் சேர்ந்து இவ்வைந்து கேள்விகளை மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவன்று.

1. அமில அளவீட்டில் எதுக்களிப்பு உறுதியானதா?
2. மானோமெட்ரியில் தசையின் வலு எப்படி இருக்கிறது? அகலேசியா இல்லையென்று தெரிந்ததா?
3. முழுச் சுற்றா, பகுதிச் சுற்றா? ஏன்?
4. அறுவைக்குப் பின் எந்த மாத்திரை, எவ்வளவு காலம்? எப்போது குறைத்துப் பார்ப்போம்?
5. எரிச்சல் திரும்பினால் முதலில் எந்தப் பரிசோதனை?

சில அறிகுறிகளுக்கு இக்கேள்விகளும் காத்திருப்பும் பொருந்தா. விழுங்கும்போது உணவு அடைத்தல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, கருநிற மலம், இரத்தசோகை ஆகியவை தோன்றினால் உடனே எண்டோஸ்கோபிக்கு வாருங்கள். நெஞ்சில் அழுத்தமான வலியோடு வியர்வையும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும் வந்தால், அதை 'வாயு' என்று எண்ணிச் சோடா குடித்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்கு விரையுங்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்.

நான்காவது கேள்வியையே நான் மிகவும் வலியுறுத்துவேன். அதற்கான விடை அறுவைக்கு முன்பே சீட்டில் எழுதப்பட்டிருந்தால், ஆறாம் மாதத்து மாத்திரை வீட்டில் யாரையும் திடுக்கிட வைக்காது. நோயாளி அதை ஒளித்து விழுங்க வேண்டியதில்லை. மனைவியோ மகனோ அவரைக் குறைகூற வேண்டியதில்லை. மருத்துவரும் உரிய நாளில் அதைக் குறைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். அந்த எழுத்தைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. கேட்பதற்கு முன்பே எழுதித் தருவது எங்கள் கடமை.